மூட்டை பெரிதாக இருந்தால்

சிவாஜிநகரில் ஒரு துணிக் கம்பெனி. எட்டு வருடம் அதன் கேட்டில் வாட்ச்மேனாக நின்றேன். படிப்பு எட்டாவதோடு சரி. மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கரண்ட் போய் வந்தால் அந்த மிஷினை எழுப்ப எனக்குத் தெரியும். அதனால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நாற்காலி, ஃபேன். வெயில் இல்லை.

பத்து எம்பிக்கு மேல் கனமான மெயிலை சர்வர் உள்ளே விடாது. அனுப்பியவருக்கே ஒரு வாசகத்தோடு திருப்பிவிடும். அது இங்கிலீஷும் நம்பருமாக இருக்கும். யாருக்கும் புரியாது. போன் செய்து திட்டுவார்கள்.

மேனேஜர் மேடம் வந்தார். "அண்ணா, அந்த வாசகத்த நாமளே மாத்தலாமாம். புரியற மாதிரி எழுதிப் போடுங்க. ஆனா ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் நீங்க திரும்ப கேட்டுக்குத்தான், பாத்துக்கோங்க."

ஆளைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பழகிய வேலை. முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். அப்புறம் உள்ளே விட முடியாது என்று சொன்னாலும் எவனும் சண்டைக்கு வரமாட்டான்.

தமிழ் எழுத்தில் போட்டேன். சர்வருக்குத் தமிழ் எழுத்து ஆகாது போல. வரிசையாகக் கேள்விக்குறிதான் போயிருக்கிறது. ஓசூர் வியாபாரி ஒருவர் போன் செய்தார். நல்லவேளை, நான்தான் எடுத்தேன்.

"இன்னாய்யா, இத்தினி கேள்வி கேக்கற. எதுக்குன்னு பதில் சொல்றது?"

பிறகு அதையே இங்கிலீஷ் எழுத்தில் போட்டேன். முதலில் வரும் சாப்பிட்டாச்சா மட்டும் கன்னடத்தில். கேட்டில் அப்படித்தான் கேட்பேன்.

"ஊட்டா ஆய்த்தா? மூட்டை பெருசா இருக்கு. கேட்டுல நுழையாது. பிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வாங்க."

போன் வருவது நின்றது.

பத்து நாள் போயிருக்கும். முதலாளி மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. முதலாளி வீட்டிலிருந்து, தன் சொந்த மெயிலில், ஆபீசில் எல்லோருக்கும் போட்டோக்களை அனுப்பினார். மொத்தமாக, ஒரே மெயிலில். என் வாசகம் அவருக்கும் போயிற்று.

போன் வந்தது. கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"ஏனப்பா, கம்பெனி என்னுது. என் மூட்டையவே நிறுத்தறியா?"

"பத்து எம்பிக்கு மேல விடக்கூடாதுன்னு கையெழுத்து போட்டது நீங்கதான் சார்."

போனை வைத்துவிட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணா, வெயிலுக்கு ஒரு தொப்பி வாங்கிக்கோங்க."

டிராயரைத் திறந்தேன். கேட்டில் ஊதிய பழைய விசில் கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பகல் ஒரு மணிக்கு மெயில் வர ஆரம்பித்தது. முதலாளியிடமிருந்துதான். ஒரு மெயிலுக்கு ஒரு போட்டோ. மாலை மாற்றுவது. தாலி கட்டுவது. மாமனார் வடை தின்பது. எல்லாம் பத்து எம்பிக்குள். சர்வர் ஒன்றையும் நிறுத்தவில்லை. நாற்பது வரை எண்ணினேன். ஆபீசில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை.

"இத நிறுத்த முடியாதாண்ணா?" என்றார் மேடம்.

"பிரிச்சு எடுத்துட்டு வரச் சொன்னோம். வர்றாரு."

கடைசி மெயிலில் போட்டோ இல்லை. ஒரு வரி.

"ஊட்டா ஆய்த்து. நீ போய் சாப்பிடு."

விசிலை டிராயரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.