பன்னிரண்டு பதினேழுக்கு நான் ரோல் மாற்றிக்கொண்டிருந்தேன்

போட்டோ எடுக்கிற தொழிலில் படம் நன்றாக வந்தால் அது அவர்கள் முகராசி, கெட்டுப்போனால் நம் கைராசி. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டுக் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாம்பார் சாப்பிட்ட சகாக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் சாத்தூரிலிருந்து கெமிஸ்ட்ரி பட்டத்தோடு ஹைதராபாத் வந்தவன். என்னோடு ரயிலேறியவர்கள் எல்லாம் மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். நான் மெட்டுகுடாவில் ஸ்டெல்லா அக்காவின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அப்பா ஒரு வருஷம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் தனியாகக் கல்யாணம் எடுக்கிற ஆளாக வேண்டும். இல்லையென்றால் பட்டான்செருவில் சித்தப்பா பேசி வைத்திருந்த மருந்துக் கம்பெனி வேலைக்குப் போய்விட வேண்டும். நானும் வீரமாகத் தலையாட்டிவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசிகள். அக்காவின் தமிழில் பாதிக்கு மேல் தமிழ் இருக்காது. தொழிலை அவர் சொல்லித்தந்ததும் கிடையாது. நான் தப்புச் செய்து முடித்த பிறகு, அது தப்பு என்று மட்டும் சொல்வார்.

காது தெரிய வேண்டும்

அந்தக் காலத்தில் எங்கள் பிழைப்பே அமெரிக்க விசா போட்டோதான். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. ஒருநாள் ஒரு சாப்ட்வேர்காரர் மனைவியோடும் நாலு மாதக் குழந்தையோடும் வந்தார். குழந்தைக்கும் அதே சட்டம்தானாம். யார் கையும் படத்தில் தெரியக் கூடாது. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு வெள்ளைப் பெட்ஷீட் போர்த்தி, அவர் மடியில் குழந்தையைச் சாய்த்தேன். கண் திறந்தால் வாய் திறந்தது. வாய் மூடினால் கண்ணும் மூடியது. இரண்டு மணி நேரப் போராட்டம். பெட்ஷீட்டுக்குள் அப்பா வெந்துபோயிருந்தார்.

கடைசியில் குழந்தையின் படம் பிரமாதமாக விழுந்தது. அந்தப் பெருமிதத்தில் அப்பாவை இரண்டே நிமிடத்தில் எடுத்து அனுப்பிவிட்டேன். விசாவுக்காகச் சென்னைக்குப் போய்வந்தவர் நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். முடி மறைத்ததில் அவருடைய இடது காதைக் காணோம் என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கோபத்தைக்கூட நிதானமாகக் காட்டினார்: "குழந்தை போட்டோ ஓக்கே ஆயிடுச்சுங்க. இப்ப அது மட்டும் தனியாப் போய் நியூ ஜெர்சியில புராஜெக்ட் பார்க்கணுமா?"

கட்டடம் பெரிதாக வரட்டும்

பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும் என்று கும்பகோணத்துப் பையன் ஒருவர் வந்தார். வெளியில்தான் எடுக்க வேண்டுமாம். பைக்கில் உட்காரவைத்து மாதாப்பூருக்கு அழைத்துப் போனார். பளபளவென்று ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் எதிரே நின்று, "இங்கே" என்றார். நான் நம்பி எடுக்க ஆரம்பித்தேன். நாலாவது படத்தில் காவலாளி ஓடிவந்தார். அப்போதுதான் தெரிந்தது, நம்மாளுக்கு அந்தக் கட்டடத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் ஆபீஸ் அமீர்பேட்டையில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேல் மாடி.

காவலாளியைச் சமாளித்து ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கலாம் என்றேன். ஆனால் அங்கிருந்து முகம் மிளகளவுதான் வரும் என்று எச்சரித்தேன். அவர் கவலையே படவில்லை. "பரவால்ல பிரதர், அவங்க கட்டடத்தைத்தான் பார்க்கப் போறாங்க. நான் ஓரமா நின்னாப் போதும்."

எனக்காகக் காத்திருந்த ஸ்டூல்

பத்தாவது மாதம். பட்டான்செருவில் ஒரு கம்பெனித் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க அக்கா என்னை அனுப்பினார். ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர், பத்தாவதாக என் கேமரா ஸ்டாண்டு. போய் இறங்கினால், சித்தப்பா பேசி வைத்திருந்த அதே கம்பெனி. மூக்கில் ஏறிய நெடி சாயந்திரம் வரை இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்தேன். எல்லார் முகமும் ஒரே மாதிரிக் களைத்திருந்ததில், பெயர் மாற்றி ஒட்டினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சோதனைக்கூடத்தில் திண்டுக்கல்காரர் ஒருவர் இருந்தார். சித்தப்பா பேரைச் சொன்னதும் உள்ளே கூட்டிப்போய் ஒரு காலி ஸ்டூலைக் காட்டினார். அந்த ஸ்டூலில் உட்காரவே கூடாது என்று அன்றைக்கு எவ்வளவு வெறியாக நினைத்தேன் என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவரோ என் தோளைத் தட்டி, "இது உனக்குத்தான் தம்பி. சீக்கிரம் வந்து சேரு. நாலு மாசமா ரெண்டு பேரு வேலைய நான் ஒருத்தனே பாக்குறேன்" என்றார்.

பன்னிரண்டு பதினேழு

பதினோராவது மாதம் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரே நாளில் இரண்டு கல்யாணம். அக்கா ஒன்றுக்குப் போக, சைனிக்புரியில் ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவரின் மூத்த மகள் கல்யாணம் எனக்கு வந்தது. தெலுங்குக் குடும்பம். வீடியோ விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று கேப்டன் வீடியோவே வேண்டாமென்றுவிட்டார். ஆக, என் ஒரே கேமராதான் சாட்சி. முகூர்த்தம் பன்னிரண்டு பதினேழு என்று பத்திரிகையில் தடித்த எழுத்தில் இருந்தது.

அதுவரை நான் பார்த்ததெல்லாம் சர்ச் கல்யாணமும் நம்மூர்க் கல்யாணமும்தான். முகூர்த்தம் என்றால் தாலி. தாலி என்றால் கெட்டிமேளம். மேடையில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு திரையைப் பிடித்திருந்தார்கள். தாலியைக் காணோம். பிலிம் ரோலில் மூன்று படம்தான் பாக்கி. தாலிக்குப் புது ரோலாக இருக்கட்டும் என்று, மகா புத்திசாலித்தனமாகத் திரும்பி நின்று கேமராவைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் மேளம் கூரையைப் பிய்த்தது. என் தலையிலும் அட்சதை விழுந்தது. ரோலைப் போட்டுத் திரும்பினால் திரை கீழே கிடந்தது. இருவர் தலையிலும் ஏதோ பசை மாதிரி அப்பியிருந்தது, ஊரே கண் கலங்கிக்கொண்டிருந்தது. தெலுங்குக் கல்யாணத்தில் சீரகமும் வெல்லமும் அரைத்து ஒருவர் தலையில் ஒருவர் வைப்பதுதான் முகூர்த்தமாம். பக்கத்திலிருந்த அம்மாளிடம் தாலி எப்போது என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சுது பாபு. இனி என்ன, தாலி மட்டும்தானே பாக்கி."

லேப் விலாசம்

அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. "கைக்குடா, எதுக்குடா டென்ஷன்? கழுவற லேப்ல ரோல் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. ஊர்ல எல்லா போட்டோகிராபரும் அதைத்தான் சொல்றான். உண்மை கிண்மை எல்லாம் நக்கோ, வேணாம்" என்றார். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு சைனிக்புரி போனேன். ஊட்டிப் பக்கம் வெலிங்டன் ராணுவ முகாமில் ஆறு வருஷம் இருந்தவர் என்பதால் கேப்டனுக்குத் தமிழ் தெரியும். நான் ஒப்பித்ததைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவைத் திறந்தார். "லேப் பேரு சொல்லு. விலாசம்? அங்கே இன்சார்ஜ் யாரு?"

நான் ஒரு வரிப் பொய்தான் தயார் செய்து போயிருந்தேன். இரண்டாவது வரி கைவசம் இல்லை. எனவே உண்மை வந்துவிட்டது. பெரிய யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள், வேறு வழி இல்லாமல் வந்த உண்மை. கல்யாணப் பெண் ஸ்ரவந்தி முகத்தை மூடிக்கொண்டாள், அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கேப்டன் ஆல்பத்தைப் பிரித்து, திரை போட்ட படத்துக்கும் தாலிப் படத்துக்கும் நடுவில் ஒரு காலிப் பக்கத்தைச் சேர்த்து ஒட்டச் செய்தார். அடியில் என்னையே எழுதவைத்தார்: '12.17. போட்டோகிராபர் ரோல் மாற்றிக்கொண்டிருந்தார்.' எழுதி முடித்ததும் சொன்னார்: "நடந்தது நடந்தபடி ரிப்போர்ட்ல இருக்கணும். கீழே கையெழுத்துப் போடு, ஸ்டூடியோ பேரும் எழுது."

ஒரு விசா போட்டோ

தோற்றேன் என்று அப்பாவுக்கு போன் செய்தேன். பெட்டியைக் கட்டி ஸ்டூடியோவிலேயே கொண்டுவந்து வைத்தேன். மறுநாள் பட்டான்செருவில் வேலைக்குச் சேர வேண்டும். அன்று காலை ஸ்ரவந்தியும் கணவரும் படியேறி வந்தார்கள். அமெரிக்கா போகிறார்களாம், விசா போட்டோ வேண்டுமாம். இரண்டு காதையும் மூன்று தரம் சரிபார்த்து எடுத்தேன். எடுத்து முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் கையை வீசி அதை ஒதுக்கிவிட்டுத் தெலுங்கில் சொன்னதைக் கேட்டு, ஸ்டெல்லா அக்கா என் பெட்டியைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார். ஸ்ரவந்தி சொன்னது இதுதான்: "ஆல்பத்தை எல்லாரும் சர்ருன்னு புரட்டறாங்க. அந்தக் காலிப் பக்கம் வந்ததும்தான் நின்னு கதை கேக்கறாங்க. அப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் வீட்டுல கல்யாணம் இருக்கு, கையெழுத்துப் போட்ட ஆளே வரணுமாம். இதுக்கு மேல அவர் தப்பு பண்ணமாட்டார்னு அப்பா கேரண்டி குடுத்திருக்கார்."

அன்றிலிருந்து எந்த மதத்துக் கல்யாணமானாலும் முதலில் புரோகிதரையோ பாதிரியாரையோ காஜியையோ பிடித்து, எது முக்கியம் என்று கேட்டுக்கொண்டுதான் கேமராவைத் திறக்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் படம் எடுத்துவிட்டேன், ஆனால் சோறு போட்டது என்னவோ எடுக்காமல் விட்ட அந்த ஒரு படம்தான்.