முதல் மாத வட்டி

யார் பணம் கொடுத்தாலும், கூடப் பிறந்த தம்பியே கொடுத்தாலும், அங்கேயே நின்று இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் அவள் பைக்குள் வைப்பாள். பதினெட்டு வருஷப் பழக்கம். தையற்கடையில் அவளுக்கு ‘எண்ணக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

பதினெட்டு வருஷத்துக்கு முன், கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வட்டிக்காரரிடம் பத்தாயிரம் கேட்டாள். கூச்சத்தில் எண்ணாமல் வாங்கிப் போய்விட்டாள். பணம் கட்டும் ஜன்னலில் பார்த்தால் ஒன்பதாயிரம்தான். திரும்ப ஓடினாள்.

“முதல் மாச வட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுப்பேன். ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?” என்றார் அவர்.

அந்த ஆயிரத்துக்காகக் காதில் கிடந்தது போயிற்று. கடன் தீர நாலு வருஷம் ஆனது.

பிறகு ஓவர்லாக் மெஷின் வாங்கிச் சொந்தமாகத் தைக்க வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தாள். பாதிதான் தேறியிருந்தது.

“பீரோவுல தூங்குற பணத்தை எழுப்பி விடுக்கா. வட்டியிலேயே மெஷின் வாசல்ல வந்து நிக்கும்” என்றான் தம்பி.

போன வருஷம், கடையில் காஜா எடுக்கும் பெண் வீட்டு முன்பணத்துக்குப் பத்தாயிரம் கேட்டாள். எண்ணக்கா முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுத்தாள். வாயைத் திறந்து சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, எண்ணாமலே பைக்குள் திணித்தாள்.

“நீங்க இல்லேன்னா நான் எங்கக்கா போவேன்?”

அன்று மதியம் எண்ணக்கா ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாகத் தைத்து வைத்தாள். பிரித்துப் போட்டுவிட்டு எழுந்து, அந்தப் பெண் குடிபோக இருந்த வீட்டுக்கு நடந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரம்மா நோட்டை எண்ணி முடித்திருந்தாள். “ஆயிரம் குறையுதேம்மா.” காஜாப் பெண்ணின் கை வெறும் பையைத் துழாவிக்கொண்டிருந்தது.

எண்ணக்கா ஆயிரத்தை நீட்டினாள். “என் தப்புதான்.”

“நீங்க எண்ணியுமா கணக்குத் தப்பிடுச்சு?”

“தப்பிடுச்சு. வாங்கினதை மட்டும் திருப்பிக் கொடு. அதுக்கு மேல ஒரு காசு கொண்டுவந்தே, என் மூஞ்சியிலேயே முழிக்காதே.”

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “தர்ம சத்திரமா நடத்துறே?”

“கடன்தான்டா கொடுத்தேன். வரலைன்னா வாசல்ல போய் உக்காருவேன். ஆனா ஒருத்தி வயித்தெரிச்சல்ல எனக்கு மெஷின் வேண்டாம்.”

இப்போது மூன்று பெண்களிடம் அவள் பணம் இருக்கிறது. வாங்குகிறவளைத் தன் முன்னால் எண்ண வைத்த பிறகே அனுப்புகிறாள். வட்டி வாங்குவதில்லை. ஓவர்லாக் மெஷின் இன்னும் வாங்கவில்லை.