எங்க சுட்ட?

"ஆமாங்கய்யா." கூண்டில் நின்று என் அறைத்தோழன் சொன்ன அந்த ஒற்றைச் சொல் காதில் விழுந்ததும் வக்கீலம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். வளையல் அழுந்தித் தோல் சிவந்துபோனது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினாயா என்று நீதிபதி கேட்டிருந்தார். சத்தியமாகத் தெரியாமல் வாங்கியவன், தெரிந்துதான் வாங்கினேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டான். "அடப்பாவி, தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டானே" என்று வக்கீலம்மா முணுமுணுத்தார். அவர் என்னுடைய வக்கீல். அவனுக்காக எழுந்து பேச அவருக்கு வழியில்லை. அபராதம் போட்டார்கள். அவன் மாமா அங்கேயே கட்டிவிட்டு அவனை அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் அவனுக்குச் சென்னையில் ஒரு நேர்காணல் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். காலாப்பட்டு கல்லூரி விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே அறை. நெல்லித்தோப்பில் ஒரு சின்னக் கடையில் ஆளுக்கொரு பழைய போன் வாங்கினோம், முதலில் நான், பிறகு அவன். "பில்லு நாளைக்கி வாங்கிக்கங்க தம்பி" என்றார் கடைக்காரர். அந்த நாளை வரவே இல்லை. போலீஸ்தான் வந்தது. இரண்டுமே திருட்டுப் போன்கள். கடைக்காரர் அதற்குள் கடையை மூடிவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். கையில் பொருளோடு அகப்பட்டவர்கள் நாங்கள்.

வாங்கியது மட்டும் குற்றமாகாது, திருட்டு என்று தெரிந்து வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் போலீஸ் காட்டிய ஆதாரம், நாங்கள் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகள். வாங்கிய அன்று என் போனைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தேன். "எங்க சுட்ட மச்சி?" என்று அவன் கேட்டான். "நெல்லித்தோப்புல சுட்டேன், நீயும் வா சுடலாம்" என்று நான் பதில் போட்டேன். குற்றப்பத்திரிகையில் அது நல்ல தமிழுக்கு மாறியிருந்தது: 'எங்கே திருடினாய்?' 'நெல்லித்தோப்பில் திருடினேன். நீயும் வா, திருடலாம்.' நானே படித்துவிட்டு, இவன் பெரிய கேடியாக இருப்பான் போலிருக்கிறதே என்றுதான் நினைத்தேன்!

மில்லை மூடிய பிறகு இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்த என் அப்பாவுக்கும் யாரோ ஓதிவிட்டார்கள். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிடுமாம்மா. கோர்ட்டு படியேறி மானம் போவுது" என்று மூலக்குளத்தில் வக்கீலம்மா வீட்டு வாசலில் நின்று கெஞ்சினார். வக்கீலம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "முடியாதுங்க, அங்கதான் ஆரம்பிக்கும். நாளைக்கி எவன் வேல குடுப்பான் இவனுக்கு? பண்ணாத தப்புக்கு ஒத்துக்கறதுன்னா வேற வக்கீலப் பாத்துக்கங்க" என்று கத்தினார். என் பக்கம் திரும்பி, "கோர்ட்டுல பாஷைய மாத்துன, தொலைச்சிடுவேன். ரூம்ல எப்டி பேசுவியோ அப்டியே பேசு" என்றார். எனக்கு அவரிடம் நீதிபதியைவிடப் பயம்.

'சுட்ட' என்றால் எங்களுக்கு என்ன பொருள் என்று யாராவது சொல்லியாக வேண்டும். நான் சொன்னால் தப்பிக்கச் சொல்வதாகிவிடும். கேட்டவனே வந்து சொன்னால்தான் உண்டு. ஆனால் அவனோ குற்றத்தை ஒத்துக்கொண்டவன். அவனைச் சாட்சியாக அழைப்பது ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது மாதிரி என்று வக்கீலம்மாவே சொன்னார். இரண்டு நாள் யோசித்துவிட்டு அழைத்தார். அவனும் மறுபேச்சில்லாமல் வந்தான்.

"நாங்க எதப் பாத்தாலும் அப்டித்தான்யா கேப்போம்" என்று அவன் தொடங்கினான். "புதுச் சட்டை போட்டு வந்தாலும் எங்க சுட்டன்னுவோம். எங்கக்காவுக்குக் கொழந்த பொறந்தப்போ போட்டோ பாத்துட்டு, இந்த மூக்க எங்கடா சுட்டீங்கன்னான் ஒருத்தன்." அதுவரை எழுதிக்கொண்டே இருந்த நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

அரசு வக்கீல் சிரித்தபடியே எழுந்தார். "இதே கூண்டுல நின்னு, தெரிஞ்சுதான் வாங்கினேன்னு நீ ஒத்துக்கிட்டியா இல்லியா?"

"ஒத்துக்கிட்டேன் சார்."

"அப்போ அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. வக்கீலம்மாவின் பேனா நின்றுவிட்டது. கடவுளே, ஏதாவது சொல்லேன்டா என்று எனக்குள் நான் அலறிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு சொன்னதுதான் பொய் சார்" என்றான். "காலைல இண்டர்வியூ. ஒத்துக்கிட்டா உட்டுடுவாங்கன்னாங்க. பயத்துல சொல்லிட்டேன். இவனும் தெரியாமத்தான் வாங்கினான், நானும் தெரியாமத்தான் வாங்கினேன்." ஊரார் முன்னால் தன்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டு அவன் கூண்டை விட்டு இறங்கினான்.

என்னை விடுதலை செய்தார்கள். அப்பா வராந்தாவிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு வக்கீலம்மாவிடம், "அம்மா, நான் சொன்னத நம்பித்தான இவன உட்டாங்க? அப்போ என்னுதும் அடிபட்டுப் போயிடும்ல?" என்று கேட்டான்.

வக்கீலம்மா கருப்பு அங்கியைக் கழற்றி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இல்லப்பா" என்றார். "இவன் கேஸு வேற, உன் கேஸு வேற. நீயே ஒத்துக்கிட்டத ஒடைக்கறது ரொம்பக் கஷ்டம். மேல் கோர்ட்டுல போட்டுப் பாக்கறேன்." சொன்னபடி போட்டார். காசு வாங்காமல் அலைந்தார். மனு நிற்கவில்லை.

படித்து முடித்ததும் அரசு வேலைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே தேர்வு எழுதினோம். அவன் என்னைவிட நல்ல இடத்தில் தேறினான். பழைய வழக்கு ஏதும் உண்டா என்று பார்க்கும் போலீஸ் விசாரணைக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆள்தான் வந்து போனார். இன்றைக்குச் சம்பளம் வாங்கும் இந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் நெஞ்சு உறுத்துகிறது. வேலை உத்தரவு எனக்கு மட்டும்தான் வந்தது.