காளயுக்தியில் பிறந்த பெண்

துரோகம் என்ற சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் எடுத்துப் புழங்குவது எனக்குப் பிடிக்காது. பால்காரர் தண்ணீர் கலந்தால் அது துரோகமா? பிழைப்பு, விட்டுவிடலாம். கொடைக்கானல் குளிருக்கு ஒரே போர்வைக்குள் ஒடுங்கிப் படுத்து, நான் அழுதபோதெல்லாம் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்ட ஒருத்தி எனக்குச் செய்தாளே, அதற்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது.

1958ஆம் வருஷம். கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளியில் நாங்கள் இருவரும் தற்காலிக ஆசிரியைகள். அட்டுவம்பட்டியில் ஒரே அறையில் குடியிருந்தோம். எனக்குப் பழனி, அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. அவளுக்கு மன்னவனூர். பள்ளியில் நிரந்தர வேலை ஒன்றுதான் காலியாக இருந்தது, ஆளோ இரண்டு பேர். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த வருசம் வேல நெலைச்சா இரு. இல்லேன்னா தையில மாமனுக்குக் கழுத்த நீட்டு."

மாமா, அம்மாவின் தம்பி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர். அவருக்குப் பெண்டாட்டியாக வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். இது முழுக்க அவளுக்குத் தெரியும். அவள் துடைத்ததெல்லாம் இதற்காக நான் அழுத அழுகையைத்தான்.

அந்த வருஷம் தலைமையாசிரியை அம்மாள் ஒரு கண்காட்சி வைக்கச் சொன்னார்: நூறு வருஷத்துக்கு முன், 1858இல், என்ன நடந்தது, யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள். உலகம் ஒரு பக்கம், நம்முடைய மலை ஒரு பக்கம். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து பார்ப்பார், அதை வைத்துத்தான் யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவாகும் என்று பேச்சு. என் வாழ்க்கையே அந்தச் சுவரில் தொங்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளே முந்திக்கொண்டு பிரித்துக் கொடுத்தாள். "ஏடி, ஒலகத்த நான் பாத்துக்கிறேன். அது எந்தப் புஸ்தகத்தத் தொறந்தாலும் கெடக்கு. மலைய நீ எடுத்துக்க. வர்றவுக அதைத்தான் நின்னு பாப்பாக. ஒனக்குத்தானே இந்த வேல வேணும்?"

எப்பேர்ப்பட்ட மனசு என்று நான் உருகிப்போனேன். அவள் பக்கத்துக்குச் சரக்கு குவிந்து கிடந்தது. கம்பெனி கையிலிருந்து நாட்டை ராணி வாங்கிக்கொண்டது, குதிரைமேல் இருந்து சண்டையிட்டு ஓர் அரசி மாண்டது, கடலுக்கடியில் அமெரிக்காவுக்குப் போட்ட தந்திக் கம்பி சில வாரத்திலேயே ஊமையானது, வங்காளத்தில் ஒரு விஞ்ஞானி பிறந்தது. என் பக்கத்துக்கு ஒன்றுமில்லை. பள்ளிப் புத்தகங்களில் துரைமார் கட்டிய பங்களாக்கள்தான் இருந்தன. நம் ஆட்கள் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை போலிருக்கிறது! பஞ்சாங்கக் கணக்குப் பார்த்தேன். 1858 என்பது காளயுக்தி வருஷம். அதை அவளிடம் சொன்னேன்.

"காளயுக்தியா?" என்றாள். "எங்க ஊருல வந்து கேளு. வீட்டுக்கு வீடு சாவுன்னு இன்னைக்கும் சொல்லுவாக."

அந்தச் சனிக்கிழமை வெள்ளனே கிளம்பினோம். பாதி வழி உருளைக்கிழங்கு லாரி, மீதி நடை. மன்னவனூரில் அவளுடைய சித்தப்பா வீட்டில் உட்கார்ந்தோம். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

"காளயுக்தின்னாலே இந்த ஊரு நடுங்கும் டீச்சரம்மா," என்றார். "விசக்காய்ச்சல். காலைல இருமுனவன் மறுநா இல்ல. எங்க குடும்பத்துல மட்டும் ஏழு சாவு. தூக்க ஆளில்லாம கம்பளியில சுத்தி இழுத்துட்டுப் போயிருக்காக. நான் அப்பப் பொறக்கல, பெரியவுக சொல்லித்தான் தெரியும். ஒரு பக்கம் குழி வெட்டுறாக, அதே நாளு இந்த வீட்டுல ஒரு பொட்டப்புள்ள பொறந்துச்சு."

சொல்லும்போதே அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கண்ணும் கலங்கிவிட்டது.

"அந்தப் பிள்ளை பொழைச்சுதா?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "சித்தப்பா, கெழங்கு லாரி போயிரும். வெரசா ரெண்டு டீயப் போடச் சொல்லுங்க." அவர் உள்ளே போனார், பேச்சு அதோடு போயிற்று.

நான் களிமண்ணில் ஏழு பாடையும் நடுவில் ஒரு தொட்டிலும் செய்து வைத்தேன். மேலே பெரிய எழுத்தில், 'காளயுக்தி, 1858: எங்கள் மலை இறந்ததும் பிறந்ததும்.' பிள்ளைகள் அதன் முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். ராணி, தந்திக் கம்பி பக்கம் ஈ காக்கை இல்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இந்தக் குழந்தை அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்றார்.

"தெரியலைங்கம்மா."

"தெரியுங்கம்மா," என்று என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அது எங்க அத்தைதாங்க. இப்ப நாப்பது வயசு. ஞாயித்துக்கெழம சந்தைக்குக் கேரட்டுக் கொண்டாருவாங்க."

எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளையாக, மெதுவாக விளக்கினாள்: அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், இது 1918இல் வந்த காளயுக்தி, ஜெர்மன் சண்டை முடிந்த வருஷத்துக் காய்ச்சல். "அவசரத்துல கவனிக்காம விட்டுருச்சு போலங்கம்மா, பாவம்."

பாவமாம்! பஞ்சாங்கம் விற்கிற கடையில் பிறந்தவள் நான். அறுபது வருஷச் சுற்று எனக்கா தெரியாது? சொந்த வீட்டுச் சாவை, சித்தப்பாவின் கண்ணீரை, என்னைக் கவிழ்க்க எடுத்து நீட்டியிருக்கிறாள். பாவி. அங்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே இந்த நாளை அவள் மனசுக்குள் பார்த்துவிட்டாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா திட்டவில்லை. "அதை எடுத்துடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உலகத்துப் பக்கம் நகர்ந்தார். வேலை அவளுக்குப் போனது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பழனிக்கு இறங்கினேன். தையில் முகூர்த்தம்.

கல்யாணத்துக்கு அவள் வந்தாள். கூசாமல் வந்தாள். அம்மாவுக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. "உன் சிநேகிதி வந்திருக்கா பாரு" என்று அவளை நேரே மணப்பெண் அறைக்குள் விட்டுவிட்டாள். வந்தவள் என் பின்னால் உட்கார்ந்து தலையில் பூ வைக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து, "ஏன்டி?" என்று கேட்டேன்.

"எனக்கும் சோலி வேணும்ல," என்றாள், ஊசியைச் செருகியபடி. "எந்தக் காளயுக்தின்னு நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

வேறு யார் அந்தக் கதையைக் கொண்டுவந்திருந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். கொண்டுவந்தது அவள். அதனால்தான் கேட்கவில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பெண்ணை அழைத்துவரச் சொல்லி வெளியே குரல் கேட்டது. அவள்தான் என் கையைப் பிடித்து எழுப்பி, மாமாவின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.