பஸ் வரும்வரை பியானோ

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பழைய பியானோ பதிவு பாதியில்தான் இருந்தது. என் கை தானாக அதை நிறுத்தியது.

சின்ன வயதில், பாகலூர் ரோட்டு வீட்டில், அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் வெளிநாட்டு ரேடியோவில் இதே பியானோக்காரர் வாசிப்பதைக் கேசட்டில் பிடிப்பார். அது முடியும்வரை, விசில் சத்தமும் பதிவாகிவிடும் என்று, அம்மா குக்கர் வைக்கக் கூடாது. கிரீஸ் வாசனை போகாத சட்டையோடு ரேடியோவை ஒட்டி உட்கார்ந்திருப்பார். ஹாரன் கேட்டதும், "பஸ் வந்துருச்சு, நிறுத்து பாப்பா" என்பார். எல்லாக் கேசட்டும் அந்தக் குரலோடுதான் முடியும்.

"மீதிப் பாட்டுப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரிட்டையர் ஆனப்புறம் உக்காந்து கேட்டுக்கலாம்."

அதற்குள் போய்விட்டார்.

அந்தப் பியானோக்காரரின் பழைய பதிவுகளைத் தேடித்தேடிச் சேர்த்திருக்கிறேன். ஒன்றுகூடப் பாதியில் நிற்காத, முழுப் பதிவுகள். எதன் முடிவையும் இன்னும் கேட்டதில்லை. எனக்கும் அதே நேரத்துக்குத்தான் பஸ்.