அப்பாவின் ஒரே வசனம்

என் அண்ணன் ரைமுண்ட் ஊலிக்கைப் பற்றிச் சினிமாக்காரர்கள் எழுதினால் மூன்று வரி எழுதுவார்கள். பிறந்த ஊர், நடித்த படங்கள், இயக்கிய படங்கள், அவ்வளவுதான். அதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் அவ்வளவு பெரிய நடிகன் சொந்த ஊர்க் கடைத்தெருவில் ஏன் தலையைக் குனிந்துகொண்டே நடந்தான் என்பதும் அதில் கிடையாது. கூடப் பிறந்தவள் நான் இருக்கிறேன், நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சாக்சனி மலைச் சரிவில் இருக்கிறது. அப்போது அது கிழக்கு ஜெர்மனி. ஆண்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார்கள், பெண்கள் நாங்கள் காலுறை ஆலைக்குப் போனோம். எங்கள் பேச்சைக் கேட்டால் மற்ற ஜெர்மானியர்களுக்குச் சிரிப்பு வரும். எழுத்தையெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி வாய்க்குள்ளேயே மசித்துவிடுகிறோமாம். நகைச்சுவை மேடையில் ஏறுகிறவன் எங்களைப் போல நாலு வார்த்தை பேசினால் போதும், வேறு சரக்கே வேண்டாம். ஊருக்குள் இருந்தவரைக்கும் எங்களுக்கு அது உறைத்ததே இல்லை. வெளியே போனவனுக்குத்தான் உறைத்தது.

ரைமுண்ட் நெட்டையன். அழகன் என்று நானே சொல்லக் கூடாது, ஆனால் ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் அவனுக்காகவே என்னிடம் சிநேகமாக இருந்தார்கள். சுரங்கத்துக்குப் போக மாட்டேன், நடிக்கப் போகிறேன் என்று அவன் நின்றபோது எங்கள் அப்பா ஆர்னோ சத்தம் போடவில்லை. அம்மா இல்லாமல் எங்கள் இருவரையும் வளர்த்தவர் அவர். அவனாவது வெளிச்சத்தில் நின்று வேலை பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

பெர்லின் நடிப்புப் பள்ளியில் அவன் பல்லுக்கு நடுவே பாட்டில் தக்கையைக் கடிக்க வைத்துப் பேசப் பழக்கினார்கள். அப்படியும் ஊர் வாடை போகவில்லை. முதல் படத்தில் ரயில் ஓட்டுநராக நடித்தான். நாங்கள் எல்லோரும் கொட்டகையில் முன் வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் அண்ணன் வாயைத் திறந்தான், வேறு யாரோ பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா, சளி பிடித்த நேரத்தில் படம் எடுத்தார்களா என்று வெள்ளந்தியாகக் கேட்டார். ஆமாம் என்று இவன் தலையாட்டினான். பிறகு முயல் கூண்டுக்குத் தீனி போட நான் போனபோது பின்னாலேயே வந்தான்.

"என் குரல் ஆகாதுன்னுட்டாங்க, கெர்டா. மூஞ்சி போதுமாம்."

அழுதான். நானும் அழுதேன். அன்றைக்கு அவனைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் பின்னால் என்னிடம் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஊர்ப் பேச்சை அழுக்குச் சட்டையைக் கழற்றுவது போலக் கழற்றிப் போட்டான். அடுத்த முறை லீவில் வந்தபோது முயலிடம்கூட மேடை ஜெர்மனில்தான் பேசினான். முயல் என்ன செய்யும், தின்றது. அடுத்தடுத்த படங்களில் அவன் குரலே ஒலித்தது. கதாநாயகனானான், போலீஸ்காரனானான், ஒரு படத்தில் இளவரசனாகக்கூட வந்தான். பிறகு படங்களை இயக்கவும் ஆரம்பித்தான்.

அவன் இயக்கிய மூன்றாவது படம் சுரங்க விபத்து ஒன்றைப் பற்றியது. அதை எங்கள் ஊரிலேயே எடுத்தான். லாரிகளும் விளக்குகளும் வந்து இறங்கின, ஊரே அமர்க்களப்பட்டது. அதில் ஒரு சின்ன வேஷம். சுரங்க வாயில் நிற்கும் கிழவர், முதன்முறை இறங்கும் பையனைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேஷத்தை அண்ணன் அப்பாவுக்குக் கொடுத்தான்.

வாழ்த்து என்றால் எங்கள் வாழ்த்து, 'க்ளூக் ஆவுஃப்'. இறங்குகிறவன், ஏறுகிறவன், வழியில் எதிர்ப்படுகிறவன் எல்லோரும் சொல்லிக்கொள்வது. நல்லபடியாக மேலே வந்து சேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டவன் பதிலுக்குச் சொல்லியே தீர வேண்டும். ஜென்மப் பகையாளி சொன்னாலும் சொல்ல வேண்டும். பதில் கிடைக்காத வாழ்த்து குழிக்குள்ளேயே தங்கிவிடும், ஆளைக் காவு கேட்கும் என்பார்கள்.

அப்பாவுக்கு ஒப்பனையே தேவைப்படவில்லை. முகத்துச் சுருக்கங்களில் கரி ஏற்கெனவே இருந்தது. காமிரா ஓடியது, பையனின் தோளில் கையை வைத்தார், "க்ளூக் ஆவுஃப், தம்பி. பார்த்து எறங்கு" என்றார். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. பெர்லின்காரர்கள் கைதட்டினார்கள். அண்ணன் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். அன்று மதுக்கடையில் அப்பா அந்த வசனத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டினார், ஒவ்வொரு தடவையும் கடையே பதில் வாழ்த்துச் சொன்னது. நல்ல நடிகர் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது பிள்ளையை எதற்குப் பெர்லினுக்கு அனுப்பினாய் என்று சுரங்கத்தில் அவரோடு ஜோடியாக வேலை பார்த்த வைகெல்ட் கேலி செய்தார்.

படத்தை முதன்முதலில் எங்கள் ஊர்க் கொட்டகையில்தான் போட்டார்கள். சுரங்கத்தார் எல்லோரும் திருவிழா உடையில் வந்தார்கள்: கறுப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், இறகு வைத்த தொப்பி. அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஆண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். திரையில் ஆர்னோ வாழ்த்தியதும் கொட்டகை முழுக்க ஒரே குரலில் பதில் சொல்வது என்று.

அந்தக் காட்சி வந்தது. எனக்குப் பின்னால் நூறு பேர் மூச்சை இழுப்பது கேட்டது. அப்பா பையனின் தோளில் கை வைத்தார், வாயைத் திறந்தார். கணீரென்று, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, ஏதோ ஒரு நாடக மேடைக்காரனின் குரலில் வாழ்த்து வந்தது.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் இல்லை. யாருக்குச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இழுத்த மூச்சு அப்படியே நின்றது. வைகெல்ட்தான் அதை உடைத்தார்.

"ஏம்ப்பா ஆர்னோ, நீ எப்பப்பா பெர்லின் நாடகக் கம்பெனில சேர்ந்த?"

கொட்டகை சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் கை தொப்பியின் இறகை நசுக்கிக்கொண்டிருந்தது. அவருடைய கழுத்து சிவந்தது, காது சிவந்தது. எங்கள் மானம் கப்பலேறிய இடம் அந்த முன் வரிசை. எழுந்து போயிருக்கலாம். திருவிழா உடையில் இருக்கிறவர் பாதியில் எழுந்து போகக் கூடாது என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். சமையலறையில் நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஒலி தெளிவாக இல்லை என்றான். மேலிடத்தில் கேட்டார்கள் என்றான். அப்படிக் கேட்டவன் பேர் என்ன என்று கேட்டேன், பேர் வரவில்லை.

"உனக்குச் செஞ்சப்ப முயல் கூண்டுகிட்ட நின்னு அழுதியே. அதையே அவருக்குச் செய்யலாமா?"

"நாடே பாத்துச் சிரிக்கும் கெர்டா. நம்ம அப்பாவப் பாத்துச் சிரிச்சா என்னால தாங்க முடியாது."

"இப்ப சிரிச்சது யாரு?"

அவன் சொன்னது பொய் இல்லை, அதுதான் கொடுமை. அப்பா மேல் பாசம் இருந்தது. அப்பாவின் நாக்கைப் பற்றி வெட்கமும் இருந்தது. இதில் எது அவனை அப்படிச் செய்ய வைத்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவன் வணக்கம் சொன்னபோது அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு, கெர்டா. அவனுக்கு என் குரல் ஆகாது."

அன்று ஆரம்பித்தது. அண்ணன் வீட்டில் இருந்தால் அப்பா அவனிடம் நேரே பேச மாட்டார். என்னிடம் சொல்வார், நான் அவனிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். உப்பை நகர்த்தச் சொல்வது முதல் பெர்லினில் மழை பெய்ததா என்பது வரைக்கும் என் வாய் வழியாகத்தான். இரண்டு கழுதைகளுக்கு நடுவே மாட்டிய வண்டி மாதிரி என் பிழைப்பு ஆனது. ஒரு வருஷத்தில் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். அப்பாவின் பிடிவாதம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் முன்னிரவில் எங்கள் பக்கத்தில் ஒன்பது பதார்த்தம் சமைப்போம். சாப்பிட்டு முடிக்கும்வரை மேசையை விட்டு யாரும் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் வருகிற வருஷம் அந்த வீட்டுக்கு ஆகாது. அண்ணன் வருஷம் தவறாமல் வந்தான். அதற்காக அவனை மெச்சத்தான் வேண்டும். வாத்துக் கறிக்கும் புளித்த முட்டைக்கோசுக்கும் முன்னால் உட்கார்ந்து, நான் அப்பாவின் வார்த்தைகளை அவனுக்குச் சொல்லச் சொல்ல, எழுந்து போகவும் முடியாமல் கூனிக் குறுகிச் சாப்பிட்டான். மன்னிப்புக் கேட்டான், ஒரு தடவை இல்லை, பல தடவை. பெர்லின் பேச்சில் கேட்டான். அப்பா என்னைப் பார்த்து, என்ன சொல்கிறான், எனக்குப் புரியவில்லையே என்றார்.

பெர்லின் சுவர் விழுந்தது, இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. எங்கள் பக்கத்துப் படக் கம்பெனிகளைக் கலைத்தார்கள், அண்ணனின் படங்களைச் சீந்துவாரில்லை. அழகான குரல் மேற்கே ஆயிரம் பேரிடம் இருந்தது. அவனிடம் இருந்து அங்கே விலை போனது ஒன்றே ஒன்றுதான். தொலைக்காட்சித் தொடரில் ஒரு வேஷம் வந்தது: வாழைப்பழத்தைக் கண்டால் கண் கலங்குகிற கிழக்கத்திய வாயிற்காவலன். எங்கள் பக்கம் வாழைப்பழம் அபூர்வம் என்பது அவர்களுக்குத் தீராத சிரிப்பு. அந்த வாயிற்காவலன் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேச வேண்டும், கொஞ்சம் கூட்டியே பேச வேண்டும். அண்ணன் பேசினான். நாடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எந்தச் சிரிப்புக்குப் பயந்து அப்பாவின் நாக்கை அறுத்தானோ, அந்தச் சிரிப்பை வைத்தே ஆறு வருஷம் வயிறு வளர்த்தான்.

அப்பா அதைப் பார்த்தார். கரித்தூள் நுரையீரலை அடைத்து, நாற்காலியில் சாய்ந்தே கிடந்த காலம் அது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போடச் சொல்வார், சிரிக்காமல் பார்ப்பார். ஒருநாள் நான் தொலைக்காட்சியை அணைத்தபோது என்னைக் கூப்பிட்டார். அது என் குரல்தான், அவனிடம் சொல்லு என்றார். எனக்கு அதைத் தொலைபேசியில் சொல்லத் தைரியம் வரவில்லை. கிறிஸ்துமஸில் சொன்னேன். அண்ணன் முள்கரண்டியைக் கீழே வைத்தான், அதற்கு மேல் சாப்பிடவில்லை. மேசையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

அந்தப் பிப்ரவரியில் அப்பா போய்விட்டார்.

சுரங்கத்தானை அடக்கம் செய்யும்போது மூத்த மகன் குழி ஓரத்தில் நின்று கடைசி வாழ்த்தைச் சொல்ல வேண்டும். இறந்தவனுக்குப் பதிலாக அவன் சொல்கிறான் என்று கணக்கு. சூழ்ந்திருக்கும் ஆண்கள் பதில் சொன்ன பிறகுதான் மண் தள்ளுவார்கள். காலையில் சவரம் செய்துகொண்டிருந்த அண்ணன், பாதி முகத்தில் சோப்போடு என்னிடம் வந்தான்.

"எந்தக் குரல்ல சொல்லட்டும், கெர்டா?"

அறுபது வயதை நெருங்கிய மனிதன், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது, அவனுக்காகவும், அப்படி ஒரு கேள்வி எங்கள் வீட்டில் பிறந்ததற்காகவும். அப்பா கேட்டால் புரிகிற குரலில் சொல் என்றேன்.

மலைமேல் இடுகாட்டில் பனி இறுகியிருந்தது. சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகியும் ஆண்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டில், இறகுத் தொப்பியில் வந்து நின்றார்கள். வைகெல்ட் இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு முன்னால் நின்றார். பெட்டியை இறக்கினார்கள். அண்ணன் ஓரத்துக்கு வந்தான். கண் நிறைந்திருந்தது. வாயைத் திறந்து, எங்கள் பேச்சில், அப்பா சொல்கிற மாதிரியே எழுத்தை மசித்து, க்ளூக் ஆவுஃப் என்றான்.

சத்தியமாக, மனசாரத்தான் சொன்னான். ஆனால் அந்தக் குரலை எல்லோரும் செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வருஷம் கேட்டிருந்தார்கள். பின்னால் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமல் போல மறைத்தார். அது பக்கத்தில் இருந்தவரைத் தொற்றியது. வாயை இறுக்கிக்கொண்டவர்கள், தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டவர்கள், யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்ற பயம். நல்ல மனிதர்கள்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அப்பாவின் வாழ்த்து இரண்டாவது தடவையும் பதில் இல்லாமல் நின்றது.

அண்ணன் இன்னொரு முறை சொல்ல முயன்றான். உதடு அசைந்தது, எந்தக் குரலும் வரவில்லை. கொட்டகையில் அப்பாவுக்குச் சிவந்தது போலவே அவனுக்கும் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. மண்வெட்டிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"நீ சொல்லு, கெர்டா. என் குரல் ஆகாது."

பெண்கள் அதைச் சொல்லும் வழக்கமே இல்லை. நான் குழி ஓரத்துக்குப் போனேன். அப்பாவின் வார்த்தைகளை இத்தனை வருஷம் சொல்லிப் பழகிய வாய், யோசிக்காமல் சொல்லிவிட்டது. வைகெல்ட் தொப்பியைக் கழற்றினார். எல்லா ஆண்களும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

அண்ணனும் அவர்களோடு சேர்ந்து சொன்னான். அவன் எந்தக் குரலில் சொன்னான் என்று கேட்காதீர்கள், அவ்வளவு பேர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.