ரோஸ் பவுடர் பூசிய சாமி

லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து முருகன் கோயிலில் சூரன்போருக்குச் சிலை தூக்குவதில்லை. ஆட்களே வேஷம் கட்டுவோம். சாமிக்கு ஒருவர், அசுரனுக்கு ஒருவர். இருவருமே காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். நான் நல்ல கறுப்பு, குரலும் பெரிது. அதனால் கல்யாணமான காலத்திலிருந்து அசுரன் நான்தான்.

"மச்சானுக்குக் கரி பூசுற வேலை மிச்சம்" என்பான், வேஷம் போட்டுவிடும் என் மனைவியின் தம்பி. நானும் சிரித்துக்கொண்டே கொம்பைக் கட்டிக்கொண்டு உறுமப் போய்விடுவேன்.

சாமி வேஷம் கட்டுகிறவர் செக்கச்செவேல் என்று இருப்பார். அவர் போன வருஷம் வெளிநாடு போய்விட்டார். விரதத்துக்குப் பயந்து வேறு யாரும் முன்வரவில்லை. "இவரையே சாமியாக்குவோம், ரோஸ் பவுடரப் போட்டுக்கலாம்" என்று கோயில் கமிட்டியில் முடிவாயிற்று. சாமியாக நிற்கக் கூச்சம் என்று அசுரனுக்கு மச்சினன் நின்றான். அவன் வெளுப்பு, கரி நிறைய வேண்டியிருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் பயமும் இருந்தது. வருஷத் தொடக்கத்தில் மகளுக்குப் பையன் குறைமாதத்தில் பிறந்து, பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பிள்ளை பிழைத்தால், சூரன்போர் முடிந்ததும் சாமி கையில் கொடுத்து வாங்குவதாக மகள் நேர்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்துப் பத்து மாதமும் ஆகிவிட்டது. இப்போது அந்தச் சாமி நான்.

அன்றைக்கு மச்சினன் தேங்காய் எண்ணெயில் பவுடரைக் குழைத்து அப்பு அப்பென்று அப்பினான். கண்ணாடியில் பார்த்தேன்.

"டேய், செவத்துக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கேன்டா."

"சும்மா இருங்க மச்சான். சாமின்னா இப்படித்தான் இருக்கணும்."

சண்டை நன்றாகவே நடந்தது. அசுரன் விழுந்தான், அரோகரா என்று கூட்டம் முழங்கியது. மகள் பிள்ளையை நீட்டினாள். தினமும் என் நெஞ்சில் படுத்துத் தூங்குகிற பிள்ளை, என் முகத்தைப் பார்த்ததும் வீரிட்டுக் கத்தினான். மறுபடி நீட்டினாள். தாயின் கழுத்தை விட மாட்டேன் என்கிறான்.

"அழ வச்சுக் குடுக்கவாப்பா நேந்துக்கிட்டேன்?" மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது என் மனைவி ஒரு குடம் தண்ணீரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"குனிங்க, மூஞ்சியக் கழுவுங்க."

"வேஷம் கலைஞ்சிரும்மா!" என்று பதறினார் கமிட்டித் தலைவர்.

"உள்ள கருங்கல்லுல நிக்கிறாரே, அவரு என்ன ரோஸாவா இருக்காரு? காலைல எண்ணெ சாத்தும்போது பாக்கலியா நீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். இத்தனை வருஷமாகக் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கிற எனக்கே அது தோன்றவில்லை.

குனிந்து கழுவினேன். கிரீடமும் வேலும் இருந்தன, முகம் மட்டும் என்னுடையது. பிள்ளை உற்றுப் பார்த்தான். பிறகு தானாகவே தாவி வந்து என் காதைப் பிடித்துக்கொண்டான். திருநீறு எடுத்தேன். முருகா, உன் பிள்ளை என்று மனதுக்குள் சொல்லி, அவன் நெற்றியில் பூசி மகளிடம் கொடுத்தேன். முந்தானையால் வாங்கிக்கொண்டு அவள் ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள்.

செத்துக் கிடந்த அசுரன் எழுந்து வந்தான். கரி மூஞ்சியைப் பார்த்தும் பிள்ளை பயப்படவில்லை. கொம்பைப் பிடித்து இழுத்தான்.

"டப்பாவுல பாதி மிச்சம் இருக்கு மச்சான்" என்றான் மச்சினன். "அடுத்த வருஷம் அசுரனுக்கு ரோஸ் பூசிக்கிறேன். பிள்ளைங்க நல்லா பயப்படுதுங்க."